மிலான் கண்காட்சியில் பழைய முகத்தோடு நின்ற புது வண்டிகள்: புல்லட் 650, நார்ட்டன், இன்னும் சில

கிக்கர்சாமி எழுதியது:

இந்த வருடம் (2025) எய்க்மா போய் வந்தாச்சு. தெரியாதவர்களுக்கு: மிலானை ஒட்டி ரோ என்ற ஊரில் நவம்பரில் நடக்கும் இருசக்கர வாகனக் கண்காட்சி அது, 1914-இல் தொடங்கியது, இந்த முறை 4 முதல் 9 வரை நடந்தது. முழுக்கச் சுற்றினால் கால் கழன்றுவிடும் என்பதால் ரெட்ரோ வண்டிகளை (பழைய வடிவத்தில் வரும் புது வண்டிகள்) மட்டும் பார்ப்பது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் உள்ளேயே போனேன். அட்வென்ச்சர், ஸ்கூட்டர், சீனாக்காரர்களின் நாலு சிலிண்டர் எல்லாம் வேறு யாராவது இழை தொடங்குங்கள்.

முதலில் நம்ம ஊர் சமாச்சாரம். ராயல் என்ஃபீல்டு ஸ்டாலில் புல்லட் 650 நின்றது. கறுப்பு. ஹெட்லைட்டுக்கு மேல் அந்தச் சின்னக் குடை, இரண்டு பக்கமும் பைலட் லைட், ஒரே நீள சீட், டேங்கில் இறக்கை வைத்த உலோக பேட்ஜ். தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் தெரு போஸ்ட்மாஸ்டர் ஓட்டிய வண்டிதான், கிட்டப் போனால் கீழே இரண்டு சிலிண்டர், இரண்டு சைலன்சர். டேங்கில் ஓடும் தங்கக் கோட்டைக் குனிந்து பார்த்தேன். ஸ்டிக்கர் இல்லை, தூரிகையால் இழுத்தது. முழங்கால் படும் வளைவில் கோடு ஒரு மயிரிழை தடித்து, திரும்பியதும் மெலிகிறது. பக்கத்தில் நின்ற ஒரு இத்தாலியத் தாத்தா அதையேதான் விரலால் தொடாமல் தொடர்ந்துகொண்டிருந்தார், இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது, தலையை ஆட்டிக்கொண்டோம்.

அடுத்து மோட்டோ குஸ்ஸி வி7 ஸ்போர்ட். இது எனக்குத் தனி மயக்கம். சிலிண்டர் இரண்டும் டேங்குக்கு வெளியே இடமும் வலமுமாக நீட்டிக்கொண்டிருக்கும், காற்று நேராக ஃபின்ஸ் (சிலிண்டரின் சூட்டை இறக்கும் உலோகத் தகடுகள்) மேல் அடிக்கும், பின் சக்கரத்துக்குச் செயினே கிடையாது, ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு. 853 சிசி, இன்றைக்கும் ஏர் கூல்டு, அதாவது காற்றிலேயே குளிரும் எஞ்சின். 1971-இல் வந்த பழைய வி7 ஸ்போர்ட்டின் அந்த ஒரு மாதிரியான பச்சையை நினைவுபடுத்தும் வண்ணமும் வைத்திருக்கிறார்கள். நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வண்டி வலது பக்கம் லேசாகச் சாயும், கிராங்க் நீளவாக்கில் சுழல்வதால். கண்காட்சியில் ஸ்டார்ட் செய்ய விடமாட்டார்கள், அது என் நண்பர் வண்டியில் அனுபவித்தது.

கடைசியாக நார்ட்டன். டிவிஎஸ் 2020 ஏப்ரலில் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கிய அதே பிரிட்டிஷ் நார்ட்டன். மேங்க்ஸ் என்று அவர்களுடைய பழைய பந்தய வண்டியின் பெயரைக் கேட்டதும் வட்ட ஹெட்லைட், வெள்ளி டேங்க், ஒற்றை சிலிண்டர் என்று கற்பனை செய்துகொண்டு ஓடினேன். அங்கே நின்றது மேங்க்ஸ் ஆர்: 1200 சிசி வி4 (V வடிவில் நாலு சிலிண்டர்), 206 எச்பி, முழுக்க முழுக்க இன்றைய சூப்பர் பைக். பழைய வண்டியின் நிழல்கூட அதில் இல்லை. அழகு இல்லை என்று சொல்லவில்லை, இப்போது எல்லோரும் மூக்கில் ஒட்டிக்கொள்ளும் இறக்கைகள்கூட இல்லாமல் வழவழவென்று இருக்கிறது.

ஆக, சென்னைக்காரர் ஒருவர் (ராயல் என்ஃபீல்டு) பழைய முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே மாற்றுகிறார், ஓசூர்க்காரர் ஒருவர் (டிவிஎஸ்) பழைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் தூக்கிப் போடுகிறார். எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், பழைய உறுப்பு இன்னும் வேலை செய்கிற வண்டிதான். ஃபின்ஸ் இருந்தால் அது சூட்டை இறக்க வேண்டும், ஸ்போக் இருந்தால் அது சக்கரத்தைத் தாங்க வேண்டும். வேலை இல்லாத அலங்காரம் எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது. உங்கள் கருத்தைக் கொட்டுங்கள்.

———

ரோடுகிங்79 எழுதியது:

வேலை செய்கிற உறுப்பு என்று நீங்களே சொல்லிவிட்டு இரண்டு சிலிண்டர் புல்லட்டை எப்படிப் பாராட்டுகிறீர்கள்? புல்லட் என்றால் ஒற்றை சிலிண்டர். அதுவும் நீள ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் அதிகம். பழைய 350-இன் போர் (சிலிண்டரின் அகலம்) 70 மிமீ, ஸ்ட்ரோக் 90. அந்த நீள ஸ்ட்ரோக்கும் கனமான ஃப்ளைவீலும் சேர்ந்துதான் அந்தச் சத்தம், மூன்றாவது கியரில் நடக்கிற வேகத்துக்கு இறங்கினாலும் திணறாமல் இழுத்துக்கொண்டு போகும் அந்தக் குணம். 650-இல் போர் 78, ஸ்ட்ரோக் 67.8. அதாவது அகலம் அதிகம், உயரம் குறைவு. நல்ல எஞ்சின்தான், நான் ஓட்டியிருக்கிறேன், வெண்ணெய் மாதிரி போகும். ஆனால் புல்லட் என்று பெயர் வைப்பானேன்? இன்டர்செப்டர் என்று அருமையான பெயர் ஏற்கெனவே இருக்கிறதே.

வலது பக்க கியர், நியூட்ரல் ஃபைண்டர், ஆம்பியர் முள் பார்த்து டீகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிப்பது) பிடித்து உதைக்கிற கிக்கர், இதெல்லாம் எதுவும் வேண்டாம், அது கஷ்டகாலம், ஒப்புக்கொள்கிறேன். ஒரு சிலிண்டரையாவது விட்டு வைத்திருக்கலாம்.

———

பீளமேடு மெக்கானிக் எழுதியது:

ரோடுகிங் தம்பி, 350 இன்னும் விற்பனையில்தானே இருக்கிறது, யாரும் அதைப் பிடுங்கவில்லை. ஒற்றை சிலிண்டர் வேண்டுபவர் அதை வாங்கப் போகிறார்.

ஆனால் அந்தப் புது 350-லேயே ஸ்ட்ரோக்கைக் குறைத்துவிட்டார்கள் என்று கவனித்தீர்களா? 2020-இல் மீட்டியோரோடு வந்த எஞ்சின் 72-க்கு 85.8. அதிர்வை அடக்கும் பேலன்சர் வேறு. அதனால்தான் 80-இல் போகும்போது கண்ணாடியில் பின்னால் வருகிறவன் முகம் தெரிகிறது. முன்பெல்லாம் நாலு பேர் தெரிவார்கள்.

கிக்கர்சாமி சொன்ன ஃபின்ஸ் விஷயத்துக்கு வருகிறேன், இது நான் தினம் கையில் பிடிக்கிற சங்கதி. ஏர் கூல்டு எஞ்சினை ஏன் எல்லோரும் கைவிடுகிறார்கள் என்று கேட்டால் புகைச் சட்டம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உள்ளே நடப்பது இது: காற்றை நம்பிய எஞ்சினில் சூடு நிலையாக நிற்காது. சிக்னலில் நின்றால் ஏறும், பைபாஸில் போனால் இறங்கும். பிஸ்டனும் சிலிண்டரும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை, அதனால் நடுவில் இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாகத்தான் விட வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது அந்த இடைவெளி வழியாக ஆயில் மேலே ஏறி எரியும். சூடு அதிகமானால் பெட்ரோலைக் கொஞ்சம் கூடக் கொடுத்து உள்ளே குளிரவைக்க வேண்டியிருக்கும், அதுவும் புகையில் போய் நிற்கும். தண்ணீர் ஓடுகிற எஞ்சினில் தெர்மோஸ்டாட் சூட்டை ஒரு அளவில் பிடித்து வைத்துவிடுவதால் இடைவெளியையும் இறுக்கலாம், பெட்ரோலையும் சிக்கனமாகக் கொடுக்கலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைச் சட்டம் வந்தபோது 500 சிசி புல்லட்டும் கிளாசிக்கும் நின்றுபோனதை நினைத்துப் பாருங்கள். பெரிய ஒற்றை சிலிண்டர், நிறையச் சூடு, ஃபின்ஸ் மட்டும் போதவில்லை.

650-இல் அந்தக் கஷ்டத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்றால், மொத்த சிசியை இரண்டு சிலிண்டருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், ஆளுக்கு 324. முன்னால் ஒரு ஆயில் கூலர். ஃபின்ஸ் நிஜமாகவே வேலை செய்கிறது. ஆக இரண்டாவது சிலிண்டர்தான் ஏர் கூலிங்கைக் காப்பாற்றியது என்று நான் சொல்வேன்.

இன்னொரு விஷயம், ஃபின்ஸ் மெல்லிசாக இருந்தால் எஞ்சின் ஓடும்போது மணி மாதிரி ரீங்கரிக்கும். பழைய வண்டிகளில் ஃபின்ஸ் நடுவில் சின்னச் சின்ன ரப்பர் துண்டு செருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது அந்தச் சத்தத்தை அடக்கத்தான். சர்வீஸுக்கு வரும் வண்டிகளில் பாதியில் அது காணாமல் போயிருக்கும், ஓனர் வந்து எஞ்சினில் ஏதோ சத்தம் என்பார், நான் ரப்பரை வைத்து அனுப்புவேன்.

———

நிலா_ரைடர் எழுதியது:

ஃபின்ஸ், ஸ்ட்ரோக் எல்லாம் சரி. அண்ணன்மாரே, புல்லட் 650-இன் சீட்டு உயரம் 800 மிமீ, எடை 243 கிலோ. நான் ஐந்தடி இரண்டு அங்குலம். பெட்ரோல் பங்கில் இதைப் பின்னால் தள்ளுவது யார்?

நான் ஏன் ரெட்ரோ பக்கம் வந்தேன் என்று சொல்கிறேன். பழசு மேல் பாசம் எல்லாம் கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் புல்லட் வைத்திருந்ததில்லை, அப்பா டிவிஎஸ் 50. ஸ்போர்ட்ஸ் வண்டியில் உட்கார்ந்தால் மணிக்கட்டு வலிக்கிறது, அட்வென்ச்சரில் கால் எட்டவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, தரையில் கால் பதித்து, வயிற்றுப் பக்கம் டேங்க் சரியாகப் பொருந்துகிற வண்டி என்று தேடிப் போனால் வந்து நிற்பது எல்லாம் 1960-களின் வடிவம்தான். அப்போதைய வண்டிகளை மனிதர்கள் உட்கார்ந்து ஓட்டத்தான் செய்திருக்கிறார்கள் போல. இப்போது ஹைனஸ் 350 ஓட்டுகிறேன். ஹோண்டாக்காரன் அதில் 70-க்கு 90.5 என்று ஸ்ட்ரோக்கை வைத்திருக்கிறான், ரோடுகிங் சாருக்குத் தெரியுமா? உங்கள் பழைய புல்லட்டைவிட அரை மிமீ நீளம்! ஜப்பான்காரன் நம்மைவிட அதிகமாகப் புல்லட் செய்கிறான்.

கண்காட்சியில் உட்கார்ந்து பார்க்க விட்டார்களா?

———

கிக்கர்சாமி எழுதியது:

பெரும்பாலான வண்டிகளில் விட்டார்கள், பொதுமக்களுக்கான நாட்களில் வரிசை நீளம். மேடையில் சுழலும் வண்டிகளைத்தான் தொட முடியாது. புல்லட் 650-இல் என் இரண்டு காலும் தரையில் முழுசாக, ஆனால் நான் ஐந்தடி ஒன்பது. சீட் முன்பக்கம் அகலம், அதனால் உங்களுக்குக் குதிகால் எழும்பத்தான் செய்யும். கிளாசிக் 650-இல் முன் சீட் தனியாக இருப்பதால் கொஞ்சம் ஒடுங்கி வருகிறது, உயரம் ஒன்றுதான் என்றாலும் கால் இறங்க வசதி. எடைக்கு மருந்து கிடையாது.

———

டோக்கியோ தமிழன் எழுதியது:

ஜப்பான்காரன் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன்.

இங்கே ரெட்ரோ என்பது புது ஃபேஷன் கிடையாது, முப்பது வருடத்துக்கு மேலாக ஓடும் தனிச் சந்தை. 1989-இல் கவாசாகி செஃபைர் வந்தபோதே, முழு ஃபேரிங் (எஞ்சினை மறைக்கும் வெளி மூடி) போட்ட வண்டிகளுக்கு நடுவில் வட்ட ஹெட்லைட்டும் வெறும் எஞ்சினுமாக நின்று கூட்டத்தை இழுத்தது. 2003 டோக்கியோ மோட்டார் ஷோவில் டுகாட்டி ஸ்போர்ட் கிளாசிக் கான்செப்டுகளை வைத்தார்கள். இத்தாலியக் கம்பெனி தன் பழைய வடிவத்தைக் காட்ட ஜப்பானைத் தேர்ந்தெடுத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 2017 ஷோவில் கவாசாகி இசட்900ஆர்எஸ். அந்தப் பழுப்பும் ஆரஞ்சும் கலந்த டேங்க், 1972 இசட்1-இன் வாத்து வால், இரட்டை வட்ட மீட்டர். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைப் பக்கம் போனால் அது கண்ணில் படாமல் திரும்ப முடியாது. 2023-இல் டபிள்யூ230, மெகுரோ எஸ்1 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். மெகுரோ, கவாசாகி விழுங்கிய பழைய ஜப்பான் கம்பெனி. அறுபது வருடம் முன்னால் போன பெயரைக் கொண்டுவந்து குரோம் டேங்கில் ஒட்டியிருக்கிறார்கள், அதன் முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் என் வயதில் பாதிகூட இல்லை.

ஆனால் எனக்கு இந்த வகையில் ஒரு வண்டிதான் உசத்தி, யமஹா எஸ்ஆர்400. 1978-இல் வந்தது, 2021-இல் கடைசிப் பதிப்பு. அந்த 43 வருடமும் செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, கிக்கர் மட்டும்தான். சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். டீகம்ப்ரஷன் லீவரை அழுத்திக்கொண்டு கிக்கரை மெதுவாக இறக்கினால் அந்த ஜன்னலில் ஒரு அடையாளம் தெரியும், பிஸ்டன் சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம், லீவரை விட்டுவிட்டு ஒரே உதை. ரோடுகிங் சொன்ன ஆம்பியர் முள் வித்தையேதான், அதற்கென்று ஒரு ஜன்னல் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

———

ரோடுகிங்79 எழுதியது:

எஸ்ஆர்400-க்கு என் வணக்கம். ஆனால் அந்த இசட்900ஆர்எஸ்? அது தண்ணீர் எஞ்சின். முன்னால் ரேடியேட்டர் அப்பட்டமாகத் தெரிகிறது, அப்புறம் சிலிண்டர் ஹெட்டில் ஃபின்ஸ் எதற்கு? பூங்காவில் கான்கிரீட் பெஞ்சுக்கு மரக்கட்டை மாதிரி வண்ணம் அடித்துக் கணு வரைந்து வைத்திருப்பார்களே, அதேதான் இது. கிக்கர்சாமியின் அளவுகோலில் முதலில் கழிய வேண்டியது இதுதான்.

ட்ரையம்ஃப் போனவில்லைக் கேட்கவே வேண்டாம். ஃப்யூவல் இன்ஜெக்ஷனைப் பழைய கார்புரேட்டர் வடிவத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். வாங்கிய புதிதில் அதைக் காட்டி ஒருவரிடம் ட்யூனிங் பற்றிப் பேசியவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன், பேர் வேண்டாம், அவரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

———

டோக்கியோ தமிழன் எழுதியது:

சார், அழகுக்காக ஒரு பொருளில் ஏதாவது இருந்தால் அது அவ்வளவு பெரிய குற்றமா? புல்லட் டேங்கின் தங்கக் கோடு என்ன வேலை செய்கிறது? குதிரைசக்தி கூட்டுகிறதா? கிக்கர்சாமி அதைப் புகழ்ந்த கையோடு நீங்கள் என் ஃபின்ஸைத் திட்டுகிறீர்கள்.

கவாசாகி செய்தது எனக்குப் புரிகிறது. இசட்1-ஐ நினைவில் வைத்திருப்பவன் கண் முதலில் போவது டேங்குக்கு, அடுத்தது எஞ்சினுக்கு. எஞ்சின் வழுக்கையாக இருந்தால் மேலே என்ன வண்ணம் அடித்தாலும் எடுபடாது. நாலு சிலிண்டர் ஏர் கூல்டைப் புதிதாக உண்டாக்கிப் பார்த்தவர்கள் ஹோண்டாக்காரர்கள். சிபி1100, 2007 டோக்கியோ ஷோவில் கான்செப்ட், 2010-இல் விற்பனை. உங்கள் எல்லோருக்கும் பிடித்த நிஜ ஃபின்ஸ். என்ன ஆயிற்று? ஒரு ஃபைனல் எடிஷன் போட்டு மூடிவிட்டார்கள். இசட்900ஆர்எஸ் இன்னும் ஷோரூமில் நிற்கிறது. நிஜம் வேண்டும் என்று எழுதுகிறவர்கள் வேறு, காசு கொடுத்து வாங்குகிறவர்கள் வேறு.

———

பீளமேடு மெக்கானிக் எழுதியது:

கோடு வேறு, ஃபின்ஸ் வேறு. கோடு நான் கோடுதான் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது. பொய் ஃபின்ஸ் நான் சூட்டை இறக்குகிறேன் என்று சொல்கிறது. அவ்வளவுதான் என் கட்சி.

அதோடு கழுவுகிறவனைக் கேட்டுப் பாருங்கள். வேலை இல்லாத இடுக்கில் சேறு அடைந்தால் அவன்தான் பிரஷ் வைத்துக் குத்திக்கொண்டிருக்க வேண்டும்.

———

வடமராட்சியான் எழுதியது:

வணக்கம் அண்ணைமார். நீங்கள் எல்லாரும் புதுசைப் பழசாக்குவதைப் பற்றிக் கதைக்கிறீர்கள், எங்கட பக்கம் பழசே பழசாகத்தான் ஓடுது. 2020-இல் வாகன இறக்குமதியை நிற்பாட்டினவர்கள், 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு நல்ல எம்டி 90 வைத்திருந்தவர் ராசா. ஜப்பானில் தபால்காரருக்குச் செய்த சிவப்பு வண்டி, இங்கே வாத்தியார், விதானையார், மீன்காரர் எல்லாரும் ஓடினது. எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை அதைக் கழற்றி, ஒரிஜினல் சிவப்பே அடித்து, மட்காட்டுக்கு வெள்ளைக் கோடு இழுத்து வைத்திருக்கிறார். ரெட்ரோ எண்ட சொல்லே அவருக்குத் தெரியாது. வண்டி பழுது, திருத்தினேன், அவ்வளவுதான் அவரின்ர கதை.

உங்கட மிலான் படங்களைக் காட்டினேன். புல்லட்டைப் பார்த்துவிட்டு, உதுக்குச் செயின் கவர் ஏன் இல்லை, சேலை சிக்குமே எண்டார்.

———

நிலா_ரைடர் எழுதியது:

அந்த அண்ணையை இந்தக் குழுவுக்கு உடனே கூட்டி வாருங்கள். சேலையைப் பற்றி யோசித்த முதல் ஆள்.

———

ஓசூர்க்காரன் எழுதியது:

நார்ட்டனைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே, அதற்காகத்தான் நான் காத்திருந்தேன். எங்கள் ஊர்க் கம்பெனி என்பதால் கொஞ்சம் சாய்ந்துதான் பேசுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1898-இல் பர்மிங்காமில் தொடங்கிய பெயர். டிவிஎஸ் கைக்கு வந்த பிறகு சோலிஹல்லில் புது ஃபேக்டரி போட்டு 961 கமாண்டோவைச் சரிசெய்து மீண்டும் விற்றார்கள். அது சுத்தமான ரெட்ரோ: ஏர் கூல்டு இரட்டை சிலிண்டர், மெருகேற்றிய அலுமினியம், எல்லாம். ஆக ரெட்ரோ பக்கம் போகவே இல்லை என்று சொல்ல முடியாது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள்.

இப்போது மேங்க்ஸுக்கு வருவோம். பழைய மேங்க்ஸ் அதன் காலத்தில் பழங்கால வண்டியா என்ன? ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்துக்காகவே செய்தது. 1950-இல் ஃபெதர்பெட் ஃப்ரேம் வந்தபோது, வளைவில் அதைப் பிடிக்க ஆளில்லை என்று மற்ற கம்பெனிக்காரர்கள் அந்த ஃப்ரேமைப் பார்த்துப் படித்தார்கள். அன்றைக்கு நார்ட்டன்காரன் 1910 வடிவத்தில் ஒரு வண்டி செய்து டிடிக்குக் கொண்டுபோயிருந்தால் சிரித்திருப்பார்கள். அப்படியானால் மேங்க்ஸ் என்ற பெயருக்கு நியாயம் செய்வது எது? இன்றைக்கு இருப்பதிலேயே முந்தி நிற்கும் வண்டியைச் செய்வதுதானே. 72 டிகிரி வி4 அதற்குத்தான். வட்ட ஹெட்லைட் வைத்து ஒரு ஒற்றை சிலிண்டரைச் செய்தால் அது மேங்க்ஸின் உருவம் மட்டும்தான்.

அதே ஸ்டாலில் அட்லஸும் இருந்திருக்குமே? 585 சிசி இரட்டை சிலிண்டர். பழைய அட்லஸ் சாலை வண்டி, புது அட்லஸ் காடுமேடு வண்டி. இதிலும் பெயர் மட்டும்தான் பழசு.

———

ரோடுகிங்79 எழுதியது:

உங்கள் வாதம் நன்றாக இருக்கிறது ஓசூர்க்காரரே, ஆனால் அப்படியானால் அந்தப் பெயரே எதற்கு? 1.6 கோடி பவுண்டு கொடுத்தது அந்தப் பழைய பெயருக்குத்தானே. டிவிஎஸ் என்றே போட்டு விற்கட்டுமே, அப்பாச்சி விற்கவில்லையா? 206 எச்பி வண்டியைப் பார்க்க வருகிறவன் நார்ட்டன் என்ற பெயரைப் பார்த்துத்தான் நிற்கிறான், அந்தப் பெயரை மட்டும் மாற்றவில்லை பாருங்கள்.

———

ஓசூர்க்காரன் எழுதியது:

பெயரை மாற்றினால் நீங்களே முதல் ஆளாக வந்து சண்டை போடுவீர்கள்.

———

கிக்கர்சாமி எழுதியது:

இரண்டு நாள் வேலை, இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். ஓசூர்க்காரர் வாதம் என்னைக் கொஞ்சம் அசைத்தது. இருந்தாலும் ஸ்டாலில் நின்றபோது பார்த்ததைச் சொல்கிறேன்: மேங்க்ஸ் ஆர் முன்னால் நின்றவர்கள் போன் எடுத்துப் படம் பிடித்துவிட்டு நகர்ந்தார்கள். புல்லட், குஸ்ஸி இரண்டின் முன்னாலும் நின்றவர்கள் பேசினார்கள். யாரோ ஒருவரின் மாமா, யாரோ ஒருவரின் பழைய வண்டி, கையை விரித்து அளவு காட்டி. விற்பனை எப்படிப் போகும் என்பது வேறு விஷயம்.

விட்டுப்போன சிலவற்றையும் எழுதிவிடுகிறேன்.

ஹோண்டா சிபி1000எஃப். மார்ச்சில் ஒசாகாவில் கான்செப்டாகக் காட்டியது, இப்போது விற்பனை வண்டியாக. எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பந்தய வீரர் ஃப்ரெடி ஸ்பென்சர் ஓட்டிய சிபி750எஃப் நினைவாக வெள்ளியும் நீலமும். ஹார்னெட்டின் எஞ்சின். டேங்கிலிருந்து சீட் வழியாக வால் வரை அந்தக் கோடு ஒரே இழுப்பில் போவது மனசுக்கு இதம். பக்கவாட்டில் பார்த்தால் எனக்கு 1982, முன்னால் போய் நின்றால் ரேடியேட்டர்தான் தெரிகிறது. பொய் ஃபின்ஸ் இல்லை என்பதற்கே நான் மதிப்பெண் போட்டேன், டோக்கியோ தமிழன் மன்னிக்கணும்.

டுகாட்டி ஃபார்முலா 73. ஸ்க்ராம்ப்ளர் எஞ்சின் மேல் பழைய 750 சூப்பர் ஸ்போர்ட் உடை. 1972 இமோலா பந்தயத்தில் பால் ஸ்மார்ட் ஜெயித்ததிலிருந்து பிறந்த வண்டி அந்த சூப்பர் ஸ்போர்ட். புதுசு பார்க்க அழகுதான், ஆனால் அவர்களே 2005 வாக்கில் விற்ற ஸ்போர்ட் கிளாசிக் என் மனசில் இருப்பதால் இதற்கு இடம் கிடைக்கவில்லை.

இனி, இந்த இழையில் நீங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்று. ராயல் என்ஃபீல்டின் மின்சார வண்டி, ஃப்ளையிங் ஃப்ளீ சி6. இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் போட்டார்களே, 125 சிசி குட்டி வண்டி, அதன் பெயரும் உருவமும். முன் சக்கரத்தைத் தாங்குவது கர்டர் ஃபோர்க், இன்றைய டெலஸ்கோபிக் ஃபோர்க்குக்கு முந்தைய காலத்துச் சமாச்சாரம், ஆனால் இரும்புக் குழாய் இல்லை, அலுமினியத்தில் அடித்துச் செய்தது. டேங்க் இருக்கும் இடத்தில் மெல்லிய முதுகெலும்பு மட்டும். எஞ்சின் இருக்கும் இடத்தில் பேட்டரிப் பெட்டி, மெக்னீசியம், அதில் வரிவரியாக ஃபின்ஸ்! பழைய எஞ்சின் ஃபின்ஸ் மாதிரி நேர்க்கோடு இல்லை, வளைந்து வளைந்து இலை நரம்பு போல ஓடுகிறது. எரிபொருளே இல்லாத வண்டியில் ஃபின்ஸ். இதை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்?

———

ரோடுகிங்79 எழுதியது:

சத்தமே இல்லாத ராயல் என்ஃபீல்டு. நான் கிளம்புகிறேன்.

———

பீளமேடு மெக்கானிக் எழுதியது:

போகாதீர்கள், இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. பேட்டரிக்கும் சூடு பகைதான். நம்ம ஊர் வெயிலில் ஓட்டும்போதும் சூடாகும், சார்ஜ் போடும்போதும் சூடாகும், அதிகச் சூடு தொடர்ந்தால் ஆயுள் குறையும். சின்ன வண்டியில் தண்ணீர், பம்ப், ரேடியேட்டர் எல்லாம் வைத்தால் எடை, செலவு. அப்போது பெட்டியின் வெளிப்பரப்பைக் கூட்டிக் காற்றில் காட்டுவதுதான் சுலபமான வழி. மெக்னீசியம் லேசு, சூட்டையும் கடத்தும். ஆக அந்த ஃபின்ஸ் நிஜமாகவே வேலை செய்கிறது, கிக்கர்சாமி கட்சிதான். 900 சிசி கவாசாகியில் பொய், குட்டி மின்சார வண்டியில் மெய். இதை நான் எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை.

கர்டர் ஃபோர்க் விஷயத்தில்தான் எனக்குத் தயக்கம். அதில் இணைப்புகளும் புஷ்களும் நிறைய. ஒவ்வொன்றும் தேயும், ஆட்டம் கொடுக்கும், கிரீஸ் கேட்கும். நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கும் மழைக்காலக் குழிக்கும் அது எத்தனை மாதம் இறுக்கமாக நிற்கும் என்பதைக் கண்காட்சி மேடையில் பார்த்துச் சொல்ல முடியாது. புஷ் தனியாகக் கிடைக்குமா, மொத்த செட்டாகத்தான் விற்பார்களா என்பதைக் கேட்காமல் வாங்காதீர்கள். புதுப்பேட்டையில் தேடினாலும் கிடைக்காத சாமான் அது.

———

நிலா_ரைடர் எழுதியது:

அதன் எடை எவ்வளவு என்று மட்டும் யாராவது கண்டுபிடித்துச் சொல்லுங்கள், எனக்கு அது போதும். படத்தில் பார்த்தால் நான் ஒரு கையால் பின்னால் தள்ளலாம் போலிருக்கிறது. கர்டர் ஃபோர்க் தேய்ந்தால் பீளமேட்டுக்கு வந்துவிடுகிறேன்.

———

டோக்கியோ தமிழன் எழுதியது:

அடுத்த வருடம் மிலான் போக எண்ணம் இருக்கிறது. கிக்கர்சாமி, கண்காட்சி தவிர அந்தப் பக்கம் பார்க்க வேண்டியது ஏதாவது?

———

கிக்கர்சாமி எழுதியது:

மண்டெல்லோ டெல் லாரியோ. கோமோ ஏரிக் கரையில், மிலானிலிருந்து ரயிலிலேயே போகலாம். மோட்டோ குஸ்ஸி 1921-இலிருந்து அதே ஊரில்தான் இருக்கிறது, ஃபேக்டரியோடு மியூசியம். திறக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கண்காட்சிக்கு மெட்ரோ எம்1 சிவப்புக் கோடு, கடைசி நிறுத்தம் ரோ ஃபியேரா. அந்த ரயில் ரோவுக்கே போகிறதா என்று பலகையைப் பார்த்து ஏறுங்கள், வழியில் பாதை பிரிகிறது. சனி ஞாயிறு வேண்டாம், வண்டியைவிட முதுகுதான் அதிகம் தெரியும்.

———

பீளமேடு மெக்கானிக் எழுதியது:

கிக்கர்சாமி தம்பி, புல்லட் 650-இன் ஆயில் கூலர் குழாய் எந்தப் பக்கம் வளைந்து கீழே இறங்குகிறது என்று தெரிகிற மாதிரி படம் இருக்கிறதா? ஒரு கஸ்டமர் தன் இன்டர்செப்டருக்குக் கல் படாமல் கார்டு செய்துகொடுக்கக் கேட்கிறார், இதிலும் அதே மாதிரிதானா என்று பார்க்கணும்.

———

கிக்கர்சாமி எழுதியது:

ஒன்று இருக்கிறது அண்ணா, ஆனால் பாதிப் படத்தை அந்த இத்தாலியத் தாத்தாவின் ஷூ மறைத்திருக்கிறது. ராத்திரி ஏற்றுகிறேன், ஷூவுக்கு இந்தப் பக்கம் தெரிவது போதுமா பாருங்கள்.